இருட்டிய பிறகு தனியாகக் குதிரைச் சவாரி: சேலம், சேர்வராயன் மலைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்தைச் சுற்றி வீட்டோடு கொட்டகை போட்டுக் குதிரை வளர்ப்பவர்கள் இப்போது நிறையப் பேர். காத்தியவாரி, மார்வாரி, மட்டக்குதிரை என்று ஒவ்வொருவர் ஆசைக்கும் ஒன்று நிற்கிறது. பகல் வெயிலில் சவாரி முடியாது என்பதால் பலரும் சாயங்காலம்தான் சேணம் கட்டுகிறார்கள். மலைமேல் எஸ்டேட் வழியாகப் போகிறவர்களுக்குத் திரும்புவதற்குள் இருட்டிவிடுகிறது. அப்படி மாட்டிக்கொள்பவர்களும், தெரிந்தே இருட்டில் கிளம்புபவர்களும் கேட்கும் கேள்விகள் இவை.

இருட்டில் தனியாகப் போகலாமா, கூடாதா?

தவிர்க்க முடிந்தால் தவிர்த்துவிடுங்கள். இருட்டைக் குதிரை சமாளித்துக்கொள்ளும். தனியாக இருப்பதுதான் சிக்கல். பகலில் விழுந்து கணுக்கால் பிசகினால் கொஞ்ச நேரத்தில் யார் கண்ணிலாவது படுவீர்கள். அதே அடி இரவு எட்டு மணிக்கு ஏற்காட்டில் மஞ்சக்குட்டைப் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்துக்குள் பட்டால், மறுநாள் காலை வேலைக்கு ஆள் வரும்வரை அந்தக் குளிரில் கிடக்க வேண்டியிருக்கும்.

அதனால் கிளம்புவதற்கு முன் ஒருவரிடமாவது மூன்று விஷயம் சொல்லிவிடுங்கள்: எந்த வழியாகப் போகிறேன், எத்தனை மணிக்குத் திரும்புவேன், அதற்கு மேல் எவ்வளவு நேரம் பார்த்துவிட்டுத் தேட ஆரம்பிக்க வேண்டும். மூன்றாவதைத்தான் யாரும் சொல்வதில்லை. ‘வந்துடுவான், வழியில் யாரையாவது பார்த்துப் பேசிக்கிட்டு இருப்பான்’ என்று வீட்டில் இருப்பவர்கள் நினைத்துக்கொண்டே இரண்டு மணி நேரம் போய்விடும். ‘எட்டரைக்குள் போன் வரவில்லை என்றால் மாமாவை அழைத்துக்கொண்டு இந்த வழியில் வாங்க’ என்று தெளிவாகச் சொல்லுங்கள். சொன்ன வழியைப் பாதியில் மாற்றாதீர்கள். மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், சிக்னல் கிடைக்கும் இடத்திலேயே அதைச் சொல்லிவிட்டு மாற்றுங்கள்.

குதிரைக்கு இருட்டில் கண் தெரியுமா?

நம்மைவிட நன்றாகத் தெரியும். தரையில் வாழும் பாலூட்டிகளில் மிகப் பெரிய கண் உள்ளவற்றில் குதிரையும் ஒன்று. அதன் விழித்திரையில் மங்கலான ஒளியை உணரும் செல்கள் ஏராளம். விழித்திரைக்குப் பின்னால் ஒரு படலம் இருக்கிறது. உள்ளே வந்த வெளிச்சத்தை அது இன்னொரு முறை விழித்திரைக்கே திருப்பி விடும். இரவில் வண்டி விளக்கு பட்டால் மாட்டின் கண் பளிச்சிடுவதற்கு என்ன காரணமோ, குதிரையின் கண் பளிச்சிடுவதற்கும் அதேதான். பழகிய பாதை என்றால் நட்சத்திர வெளிச்சத்திலேயே அது காலை வைக்க வேண்டிய இடத்தில் வைக்கும்.

ஆனால் சில குறைகள் உண்டு. வெளிச்சத்திலிருந்து இருட்டுக்கு வந்தால் அதன் கண் பழக நம் கண்ணைவிட அதிக நேரம் பிடிக்கும். நம் கண் முழுதாகப் பழகவே 20, 30 நிமிடம் ஆகிறது. ஏற்காடு ஏரிக்கரைக் கடை விளக்குகளுக்கு நடுவில் நின்றுவிட்டு நேராக மரநிழலுக்குள் புகுந்தால், கொஞ்ச நேரம் குதிரையும் கிட்டத்தட்ட குருடாகத்தான் நடக்கிறது. விளக்கு இருக்கும் இடத்தைத் தாண்டியதும் ஓரமாக நிறுத்துங்கள், பிறகு மெதுவாக நடையில் விடுங்கள்.

கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் அதற்கு ஏறக்குறைய சுற்றிலும் தெரியும். நெற்றிக்கு நேர் முன்னால் ஒட்டினாற்போல் உள்ள இடமும், வாலுக்கு நேர் பின்னாலும்தான் தெரியாது. தரையைச் சரியாகப் பார்க்க அது தலையைத் தாழ்த்த வேண்டும். பயத்தில் கடிவாளத்தை இழுத்துப் பிடித்தால், பார்க்க வேண்டிய நேரத்தில் அதைப் பார்க்க விடாமல் செய்கிறோம். இருட்டில் கடிவாள வாரைத் தளர்த்திக் கொடுங்கள். கை மட்டும் எப்போதும் வாரில் இருக்கட்டும்.

அப்படியானால் டார்ச் வேண்டாமா?

கையில் இருக்க வேண்டும். எரிந்துகொண்டே இருக்க வேண்டியதில்லை.

நெற்றியில் கட்டும் ஹெட்லைட்டோடு சவாரி செய்பவர்களைப் பார்க்கிறேன். நீங்கள் தலையைத் திருப்பும்போதெல்லாம் அந்த வெளிச்சம் திரும்பும், குதிரை அடி வைக்கும்போதெல்லாம் ஆடும். எதிரில் உள்ள ஒவ்வொரு செடியின் நிழலும் தாவிக் குதிக்கும். மிரளாத குதிரைகூட அதில் மிரளும். அது மட்டுமல்ல, வெளிச்ச வட்டத்துக்கு வெளியே எதுவுமே உங்களுக்கும் தெரியாமல் போய்விடும். குதிரையின் இருட்டுப் பார்வையும் கெட்டுவிடும்.

கீழே இறங்கிக் குளம்பைப் பார்க்க, வயிற்றுப் பட்டையைச் சரிசெய்ய, பூட்டைத் திறக்க, மேப் பார்க்க என்றால் சிவப்பு வெளிச்சம் வரும் டார்ச் நல்லது. இருட்டுக்குப் பழகிய உங்கள் கண்ணை அது அவ்வளவாகக் கெடுக்காது. வெள்ளை வெளிச்சத்தை இரண்டு இடத்தில்தான் பயன்படுத்த வேண்டும்: வண்டி வருகிற தார்ச்சாலையில், அப்புறம் உதவிக்கு ஆள் கூப்பிடும்போது. சாலையில் அதை அங்கவடிக்குப் (சேணத்தில் கால் வைக்கும் வளையம்) பக்கத்தில் தரையை நோக்கிக் கட்டிவிட்டால் குதிரையின் கண்ணில் படாது.

செல்போன் திரையும் வெளிச்சம்தான். சவாரியில் இருக்கும்போது முகத்துக்கு நேரே போனைத் திறந்தால் அடுத்த சில நிமிடங்களுக்கு உங்களுக்குப் பாதை தெரியாது.

எத்தனை மணிக்குள் திரும்ப வேண்டும்? நிலா இருந்தால் பரவாயில்லையா?

நம் பக்கம் நவம்பர், டிசம்பரில் ஆறு மணியை ஒட்டிச் சூரியன் மறைந்துவிடும். ஜூன், ஜூலையில் 6:40 தாண்டும். நாம் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் மறைந்த பிறகு வெளிச்சம் நீடிப்பதில்லை. 20, 25 நிமிடத்தில் இருட்டு வந்துவிடும். இது திறந்த வெளிக்கணக்கு. காப்பித் தோட்டத்தில் சில்வர் ஓக் மரம் அடர்ந்து மிளகுக்கொடி ஏறியிருக்கும் இடங்களில் வானம் இன்னும் வெளுத்திருக்கும்போதே கீழே பாதை மறைந்துபோகும்.

நிலாவுக்குத் தினசரி காலண்டரே போதும். வளர்பிறை அஷ்டமியிலிருந்து பௌர்ணமி வரை சாயங்காலச் சவாரிக்கு ஏற்ற நாட்கள். இருட்டும்போதே நிலா மேலே இருக்கும், அல்லது எழும்பிக்கொண்டிருக்கும். பௌர்ணமி கழிந்தால் ஒவ்வொரு நாளும் சராசரியாக 50 நிமிடம் தாமதமாக எழும்பும். பௌர்ணமிக்கு மூன்றாம் நாள் ‘நிலாதான் இருக்கே’ என்று கிளம்பினால், முதல் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கும்மிருட்டுதான். கிழக்குப் பக்கம் மலை மறைத்தால் இன்னும் தாமதமாகும்.

மலையில் எந்த வழி பாதுகாப்பானது?

அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் 20 கொண்டை ஊசி வளைவுப் பாதையில் இருட்டிய பிறகு குதிரையோடு இருக்கவே கூடாது. குப்பனூர் வழிப் பாதைக்கும் இதுதான் பதில். வளைவில் திரும்பும் வண்டியின் விளக்கு கடைசி நொடிவரை எதிர்ச்சரிவில்தான் விழும். உங்கள் மேல் பட்டதும் பிரேக் போட இடம் இருக்காது. ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் சுவர், அதற்கு அப்பால் பள்ளம். குதிரை மிரண்டால் ஒதுங்க வழியில்லை.

காப்புக்காடு இரவில் கிடையவே கிடையாது. அனுமதி இல்லாமல் உள்ளே நுழைவது பகலிலேயே குற்றம். வனத்துறை பிடித்தால் அபராதத்தோடு போகும் என்று நினைத்துக்கொண்டு ஒற்றையடிப் பாதையில் இறங்காதீர்கள். காப்புக்காட்டின் எல்லை எங்கே தொடங்குகிறது என்று தெரியாவிட்டால் பகலில் வனச்சரக அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மிச்சம் இருப்பது எஸ்டேட் பாதைகள். அவை தனியார் நிலம். முதலாளியிடமோ மேஸ்திரியிடமோ கேட்டு, காவலாளிக்கும் சொல்லிவிட்டுப் போங்கள். மரியாதைக்காக மட்டும் சொல்லவில்லை. இரவில் எந்த கேட் பூட்டியிருக்கும், எங்கே புதிதாகக் குழி வெட்டியிருக்கிறார்கள், எங்கே மாடு இறங்கியிருக்கிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை காப்பி பறிப்பு நடக்கும்போது டிராக்டர், மூட்டை, ஏணி எல்லாம் பாதையிலேயே கிடக்கும். அந்த மாதங்களில் எனக்கு எஸ்டேட் பாதைமேல் நம்பிக்கை குறைவு.

எந்தப் பாதையானாலும், பகலில் அதே குதிரையில் போய்ப் பழகியிருந்தால் மட்டுமே இரவில் போங்கள்.

நான் மலைக்குப் போவதில்லை. ஓமலூர், அயோத்தியாப்பட்டினம் பக்கம் வயல் வழியாகத்தான் ஓட்டுகிறேன். அங்கே என்ன பயம்?

எனக்கு மலையைவிட அங்கேதான் பயம் அதிகம்.

முதல் ஆபத்து கிணறு. நம் பக்கத்து விவசாயக் கிணறுகள் பல சுற்றுச்சுவர் இல்லாதவை. சதுரமாக வெட்டிய பெரிய கிணறு, வரப்போடு சமமாக வாயைத் திறந்துகொண்டு இருக்கும். ஓரத்தில் புல்லும் செடியும் மண்டியிருக்கும். பகலில் பம்புசெட் ரூம், தென்னை மரம் இவற்றை வைத்து அடையாளம் கண்டுகொள்கிறோம். இரவில் குதிரை நாய்க்கு மிரண்டு பக்கவாட்டில் நாலு எட்டு வைத்தால் போதும், உள்ளேதான். குதிரையும் ஆளும் கிணற்றில் விழுந்தால் தனியாக மீளவே முடியாது. வரப்புமேல், கிணற்றுமேட்டில் இருட்டில் சவாரி வேண்டாம். வண்டித்தடம் உள்ள மண்பாதையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, கருப்பூர், ஜாகீர் அம்மாபாளையம் பக்கத்து வெள்ளைக்கல் சுரங்கப் பகுதி. பழைய வெட்டுக்குழிகளும் சரிந்த மண்மேடும் உள்ள இடம். நிலா வெளிச்சத்தில் வெள்ளை மண்ணும் குழி ஓரமும் ஒரே நிறமாகத் தெரியும். அந்தப் பக்கம் பகலிலும் போக வேண்டாம்.

மூன்றாவது, கம்பி. காட்டுப்பன்றிக்காகச் சிலர் வேலிக்குத் திருட்டுத்தனமாக மின்சாரம் கொடுக்கிறார்கள். சட்டவிரோதம்தான், ஆனாலும் நடக்கிறது. இரவில் மட்டும்தான் இணைப்பு கொடுப்பார்கள் என்பதால் பகலில் நீங்கள் கையால் தொட்ட அதே கம்பி இரவில் ஆளைக் கொல்லும். குதிரைக்கு இரும்பு லாடம், நாலு கால், கால்களுக்கு இடையே அதிக தூரம். அதனால் ஈரத் தரையில் கம்பிக்குப் பக்கத்தில் போனாலே மனிதனைவிட அதற்கு ஆபத்து அதிகம். வேலியை ஒட்டிப் போகாதீர்கள். மழைக்காற்று அடித்த இரவில் மின்கம்பிக்குக் கீழேயும் போகாதீர்கள். போய்க்கொண்டிருக்கும் குதிரை திடீரென்று சுருண்டு விழுந்தால், ஓடிப்போய்த் தொடக் கூடாது. நீங்கள் அதோடு சேர்ந்து விழுந்திருந்தால் கம்பியையும் குதிரையையும் விட்டு விலகி வாருங்கள். 94987 94987 மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் எண். இணைப்பைத் துண்டித்துவிட்டதாக அவர்கள் சொல்லும்வரை கிட்டே போகாதீர்கள்.

காட்டுமாடு எதிரே வந்தால் என்ன செய்வது?

ஏற்காட்டில் இது அடிக்கடி நடக்கிறது. சேர்வராயன் மலையில் காட்டுமாடுகள் காட்டோடு நிற்பதில்லை. தோட்டத்துக்குள்ளும் வீட்டுக்குப் பின்னாலும் மேய்கின்றன. வளர்ந்த காளை 1000 கிலோவை நெருங்கும். காப்பிச் செடிக்கு நடுவில் அவ்வளவு பெரிய உடம்பு நின்றாலும் இருட்டில் உங்களுக்குத் தெரியாது. நாலு காலிலும் முழங்காலுக்குக் கீழே உள்ள வெள்ளைதான் முதலில் தெரியும், அதுவும் நிலா இருந்தால்.

குதிரைக்கு அதற்கு வெகு முன்பே தெரிந்துவிடும். நன்றாக நடந்துகொண்டிருந்த குதிரை நடையைக் குறைக்கும். காது இரண்டும் ஒரே பக்கம் குத்திட்டு நிற்கும். கழுத்து எழும்பும். உங்கள் தொடைக்குக் கீழே அதன் விலா இறுகுவது தெரியும், மூச்சை நிறுத்திக்கொண்டு கேட்கிறது என்று அர்த்தம். அப்புறம் மூக்கு வழியாகப் பலமாக ஒரு சீறல். இந்த இடத்தில் பலர் செய்வது, குதிகாலால் இடித்து ‘போ, போ’ என்று விரட்டுவது. அதைச் செய்யவே கூடாது. ஒரு குதிரை பழகிய பாதையில் இப்படி நின்றால் காரணம் இருக்கிறது. நில்லுங்கள், நீங்களும் கேளுங்கள். கிளை முறியும் சத்தமோ, கனமான மூச்சோ, மணிச்சத்தமோ வரும். மணி என்றால் ஊர் மாடு, நிம்மதியாகப் போகலாம்.

காட்டுமாடு என்று தெரிந்தால் டார்ச் அடிக்காதீர்கள், கத்தாதீர்கள், போட்டோவுக்குப் போனை எடுக்காதீர்கள். குதிரையை அமைதியாகத் திருப்பி, வந்த வழியிலேயே நடையில் போங்கள். ஓட்டத்தில் விட்டால் குதிரை உங்கள் கையில் நிற்காது. கூட்டமாக நின்றால் நடுவில் இடம் இருப்பது போலத் தெரிந்தாலும் அதில் புகாதீர்கள். தாய்க்கும் கன்றுக்கும் நடுவே நீங்கள் வந்துவிட்டால் அது சும்மா விடாது. ஒற்றைக் காளை இன்னும் கெட்டது, அது வழிவிடுவதில்லை. பலாப்பழக் காலத்தில் பலாமரத்தடி வழியாகப் போகும் பாதைகளை இருட்டியபின் விட்டுவிடுங்கள். பழ வாசனைக்கு எல்லாமே அங்கேதான் வரும்.

அரை மணி காத்திருந்தும் நகரவில்லை என்றால் பக்கத்து எஸ்டேட் வீட்டில் குதிரையைக் கட்டிவிட்டுக் காலையில் வந்து கூட்டிப் போங்கள். இதைக் கௌரவக் குறைச்சலாக எடுத்துக்கொள்பவர்கள் தனியாக இரவில் போகாமல் இருப்பது நல்லது.

பாம்பு?

சவாரியில் இருக்கும்வரை உங்களுக்குப் பயம் குறைவு. இறங்கி நிற்கும்போதுதான் கவனம் வேண்டும். கட்டுவிரியன் இரவில்தான் வெளியே வரும். இறங்குவதற்கு முன் கீழே ஒருமுறை டார்ச் அடியுங்கள். கல் குவியல்மேல் உட்காராதீர்கள்.

கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்துக்கொண்டு 108-ஐக் கூப்பிடுங்கள். மலையில் என்றால் ஏற்காடு அரசு மருத்துவமனை, கீழே என்றால் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனை. கட்டுவிரியன் கடி வலிக்காமலும் வீங்காமலும் இருக்கும். ‘எறும்பாக இருக்கும்’ என்று தூங்கப் போய்விடாதீர்கள்.

குதிரைக்கு மூக்கில்தான் கடி அதிகம் விழும், மேய்ந்துகொண்டே முகர்வதால். குதிரையால் வாய் வழியாக மூச்சு விட முடியாது. மூக்கு வீங்கி அடைத்தால் மூச்சே நின்றுவிடும். வீக்கம் தொடங்கியதும் கடிவாளம், முகக்கயிறு எல்லாவற்றையும் கழற்றிவிட்டுக் கழுத்தில் மட்டும் கயிறு போடுங்கள், அதை நடக்க விடாதீர்கள். டாக்டரை அது இருக்கும் இடத்துக்கு வரவழையுங்கள்.

தெருநாய்கள் துரத்துகின்றன. என்ன செய்ய?

ஓடாதீர்கள். ஓடும் குதிரையை நாய் விடாது. நிறுத்தி, குதிரையின் முகத்தை நாய்ப் பக்கம் திருப்பி, அதட்டிவிட்டு நடையில் போங்கள். ஊர் எல்லை வரும்போதே நடைக்கு வந்துவிடுவது நல்லது. கடித்துவிட்டால் உங்களுக்குப் போலவே குதிரைக்கும் வெறிநாய்க்கடி நோய் வரும். காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே ஊசிக்கு ஏற்பாடு செய்யுங்கள், இருவருக்கும்.

தார்ச்சாலையில் கொஞ்ச தூரம் போயே ஆக வேண்டும். வண்டிக்காரர்களுக்கு நான் தெரிவேனா?

கருப்பு, செவலைக் குதிரை தெரியவே தெரியாது. வெள்ளைக் குதிரைகூடக் கிட்டே வந்த பிறகுதான் தெரியும். ஒளிரும் பட்டையைக் குதிரையின் நாலு கணுக்காலிலும் கட்டுங்கள். கார் விளக்கு தாழ்வாக வரும், முதலில் கால்மேல்தான் படும். நடக்கும்போது பட்டை மேலும் கீழும் அசைவதால் ஓட்டுபவருக்கு அது ஒரு உயிர் என்று புரிந்துவிடும். உங்கள் மேல் ரோட்டு வேலைக்காரர்கள் போடும் ஒளிரும் ஜாக்கெட்டும், முதுகில் மினுக்கும் சிவப்பு விளக்கும் இருக்கட்டும். அந்த மினுக்கல் விளக்கைக் கொட்டகையில் வைத்தே குதிரைக்குப் பழக்குங்கள்.

சாலையின் இடது ஓரம்தான். ஹெல்மெட் கட்டாயம், குதிரைச் சவாரிக்கானதாக இருந்தால் நல்லது.

மூடுபனி, மழை வந்தால்?

பனியில் டார்ச் அடித்தால் வெள்ளைச் சுவர்தான் தெரியும். அணைத்துவிட்டு, பள்ளம் இல்லாத பக்கமாக இறங்கி, குதிரையைப் பிடித்துக்கொண்டு நடங்கள். பாதையைக் காலால் உணர முடிந்தால் நடக்கலாம், முடியாவிட்டால் நின்றுவிடுங்கள். ஏப்ரல், மே கோடை மழை இடியோடு வரும். இடி கேட்டதும் இறங்குங்கள். உயரமான சில்வர் ஓக் மரத்தடியிலும் கம்பிவேலிக்குப் பக்கத்திலும் நிற்காதீர்கள். மழை பெய்து முடிந்த பாறையில் லாடம் வழுக்கும். அந்த இடங்களில் சவாரியே வேண்டாம்.

என்னென்ன எடுத்துப்போக வேண்டும்?

எதை என்பதைவிட எங்கே வைப்பது என்பது முக்கியம். போன், விசில், டார்ச் மூன்றும் உங்கள் உடம்பில் இருக்க வேண்டும். சேணப் பையில் வைத்தால், நீங்கள் விழுந்ததும் குதிரை அவற்றையும் தூக்கிக்கொண்டு ஓடிவிடும். விசில் எதற்கு என்று கேட்பார்கள். அடிபட்டுக் கிடப்பவர் எவ்வளவு நேரம் கத்த முடியும்? விசில் ஊத வலு தேவையில்லை. மலையில் பல பள்ளங்களில் சிக்னல் கிடைக்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

சேணப் பையில் ஒரு கட்டிங் பிளேயர், கூர்மையான மடக்குக்கத்தி, துணிக்கட்டு, தண்ணீர். பன்றிக்கும் முயலுக்கும் வைக்கும் கம்பிச் சுருக்கில் குதிரையின் கால் மாட்டினால் கட்டிங் பிளேயர் இல்லாமல் ஒன்றும் செய்ய முடியாது. சேணத்தில் உங்கள் போன் எண்ணும் வீட்டு எண்ணும் எழுதிய ஒரு தகட்டைக் கட்டிவிடுங்கள். ஆளில்லாத குதிரையைப் பிடிப்பவருக்கு யாரைக் கூப்பிடுவது என்று தெரிய வேண்டும்.

காலில் குதி வைத்த மூடிய ஷூ. செருப்போடு அங்கவடியில் கால் வைப்பவர்களைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு பதறுகிறது. விழும்போது கால் அங்கவடிக்குள் நுழைந்து மாட்டிக்கொண்டால் குதிரை இழுத்துக்கொண்டு போகும். பகலில் யாராவது பிடிப்பார்கள். இருட்டில் தனியாக இருக்கும்போது நடக்கக் கூடிய விபத்துகளில் இதைவிட மோசமானது இல்லை.

அந்தியூர் சந்தையில் ஒரு நல்ல குதிரை வாங்கினேன். எப்போது இரவில் எடுத்துப்போகலாம்?

ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் பண்டிகைச் சந்தையில் வாங்கிவரும் குதிரை பலமுறை கைமாறியிருக்கலாம். மேளத்துக்கும் கூட்டத்துக்கும் பழகியிருக்கும், ஆனால் தனியாக அமைதியான பாதையில் போய்ப் பழகியிருக்காது. அவசரப்படாதீர்கள். முதலில் பகலில் அதே பாதை, மற்றொரு குதிரையோடு. அப்புறம் பகலில் தனியாக. அதன்பிறகு அந்தி நேரத்தில் கையில் பிடித்து நடத்துவது. துணையோடு இருட்டில். கடைசியாகத்தான் தனியாக.

தனிச் சவாரிக்கு ஏற்றதா என்று பார்க்க ஒன்று சொல்கிறேன். வீட்டிலிருந்து வெளியே போகும்போதும் வீட்டை நோக்கித் திரும்பும்போதும் ஒரே வேகத்தில் நடக்கிறதா? திரும்பும்போது இழுத்துக்கொண்டு ஓடப் பார்க்கும் குதிரை இருட்டில் உங்களைக் கிளையில் அடிக்கும். நீங்கள் ஏறும்போதும் இறங்கும்போதும் அசையாமல் நிற்க வேண்டும், இரண்டு பக்கமிருந்தும்.

மிரண்டு ஓடினால் எப்படி நிறுத்துவது?

சமவெளியில் ஒரு பக்க வாரை இழுத்து வட்டமாகத் திருப்பி நிறுத்தலாம். மலைப்பாதையில் அப்படித் திருப்ப இடமில்லை. அங்கே மேட்டுப் பக்கமாகத்தான் தலையைத் திருப்ப வேண்டும். பள்ளத்துப் பக்கம் திருப்பினால் குதிரையே விளிம்பைத் தாண்டிவிடலாம். எப்போதும் நடையிலேயே போனால் இந்த நிலை அநேகமாக வராது. இருட்டில் பாய்ச்சலுக்கு எந்தக் காரணமும் சரியான காரணம் இல்லை. அவசரம் என்றால் வண்டியில் போங்கள்.

விழுந்துவிட்டேன், குதிரை ஓடிவிட்டது. முதலில் என்ன?

குதிரையைத் துரத்தாதீர்கள். அப்படியே படுத்திருந்து விரல்களை அசைத்துப் பாருங்கள். கழுத்திலோ முதுகிலோ வலி, கை கால் மரத்துப்போவது இருந்தால் எழாதீர்கள், ஹெல்மெட்டையும் கழற்றாதீர்கள். 112 அல்லது 108. இடத்தைச் சொல்லத் தெரியாவிட்டால் வாட்ஸ்அப்பில் லொக்கேஷனை வீட்டுக்கு அனுப்புங்கள். நடக்க முடிந்தால் பாதையின் நடுவை விட்டு ஓரத்துக்கு வந்து, டார்ச்சை எரியவிட்டுக் காத்திருங்கள்.

குதிரை பெரும்பாலும் வீட்டுக்குத்தான் போகும், ஆனால் வழியில் சாலை இருக்கும். போன் பேச முடிந்ததும் ‘குதிரை தனியாக வருகிறது, சாலை பக்கம் ஆளை நிறுத்துங்க’ என்று வீட்டில் சொல்லுங்கள். அது ஓடும்போது தொங்கும் வாரை மிதித்துத் தானே விழுந்துவிடும் என்பதால், கடிவாளத்துக்கு அடியில் முகக்கயிறும் போட்டு அனுப்புவது நல்ல பழக்கம். இறங்கும் நேரத்தில் வாரை கழுத்தில் முடிந்துவிட்டு முகக்கயிற்றைப் பிடித்துக்கொள்ளலாம்.

பெண்கள் தனியாகப் போகலாமா?

போகிறார்கள். மிருகத்தைவிட மனிதர்களைப் பற்றிய கவலைதான் அவர்களுக்கு என்பதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. லைவ் லொக்கேஷனை இருவருக்குப் போட்டுவிட்டுக் கிளம்புங்கள். காவல் உதவி செயலி போனில் இருக்கட்டும், 181 மகளிர் உதவி எண்ணும். தினமும் ஒரே நேரத்தில் ஒரே வழியில் போகாதீர்கள். சவாரிப் படத்தை வீடு திரும்பிய பிறகு போடுங்கள். யாராவது வழியை மறித்துப் பேச்சுக் கொடுத்தால் இறங்காதீர்கள். குதிரைமேல் இருக்கும்வரை நீங்கள் உயரத்தில் இருக்கிறீர்கள், நகரவும் முடியும்.

பதினான்கு வயசுப் பையன் நன்றாக ஓட்டுகிறான். சாயங்காலம் தனியாக விடலாமா?

வேண்டாம். எவ்வளவு நன்றாக ஓட்டினாலும் வேண்டாம்.

கொட்டகைக்குத் திரும்பியதும் என்ன பார்க்க வேண்டும்?

முதலில் காத்திருப்பவருக்கு வந்துவிட்டதாகச் சொல்லுங்கள். அப்புறம் சேணத்தை இறக்கிவிட்டு, நல்ல வெளிச்சத்தில் குதிரையின் நாலு காலையும் மேலிருந்து குளம்புவரை கையால் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத முள்கம்பிக் கீறல் கைக்கு ஈரமாகத் தட்டுப்படும், வீக்கம் சூடாக இருக்கும். ரண ஜன்னி (டெட்டனஸ்) குதிரைக்கு மிகச் சுலபமாக வரும், ஆணி குத்திய சின்ன ஓட்டையே போதும். காயம் சிறிதோ பெரிதோ, தடுப்பூசி எப்போது போட்டீர்கள் என்று பார்த்து மறுநாளே டாக்டரிடம் காட்டுங்கள். 1962 கால்நடை ஊர்திக்கான எண், ஆனால் இரவில் அதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். குதிரை பார்த்துப் பழகிய ஒரு கால்நடை மருத்துவரின் எண் உங்களிடம் முன்பே இருக்க வேண்டும். பெரிய சிகிச்சை என்றால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. குளம்பின் அடியில் சிக்கிய கல்லை எடுத்துவிட்டு, லாடத்தின் ஆணி ஒவ்வொன்றையும் ஆட்டிப் பாருங்கள். ஒன்று ஆடினாலும் லாடக்காரர் வந்து பார்க்கும்வரை அடுத்த சவாரி கிடையாது.